மேயர் விற்ற ஊர்

திருச்சிக்கு டிக்கெட் கேட்டு வந்த மனிதரைப் பிலிப்பைன்ஸுக்கு அனுப்பி வைத்த பெண் உலகத்தில் ஒருவர்தான் இருக்க முடியும். அவர் எனக்குப் பக்கத்து மேஜையில் இருந்தார்.

சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவில் ஒரு பூக்கடைக்கும் செல்போன் கடைக்கும் நடுவில் நசுங்கிக் கிடந்த டிராவல்ஸ் ஒன்றில் நான் ஆறு வருஷம் டிக்கெட் போட்டேன். மொத்த ஊழியர் படையே மூன்று பேர். பாஸ், நான், மேயர். மேயர் பிலிப்பைன்ஸ்காரர், ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்தார். அந்த நாட்டின் கிழக்கு ஓரத்தில், கடலைப் பார்த்தபடி இருக்கும் ஒரு சின்ன ஊரில் பிறந்தவர். அந்த ஊரைப் பற்றி அவர் அளப்பதைக் கேட்ட யாரோ ஒரு வாடிக்கையாளர், “இவங்க என்ன, அந்த ஊரு மேயரா?” என்று என்னிடம் கேட்க, அன்றோடு அவருடைய சொந்தப் பெயர் சம்பளச் சீட்டுக்குள் போய் ஒளிந்துகொண்டது.

ஊரின் பெயரை எழுத எனக்கு அனுமதி இல்லை. இந்தக் கட்டுரையைப் பற்றிப் போனில் சொன்னபோதே மேயர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். “என்னைப் பத்தி எழுதுங்க தம்பி. ஊர் பேரு போடாதீங்க. நம்ம ஆளுங்க மொத்தமா வந்துடுவாங்க. டாய்லெட் பத்தாது லா.”

ஆமாம், தமிழ்தான். பதினோரு வருஷம் கவுண்டரில் நின்று கற்ற தமிழ். அவருக்கு ஆசிரியர்கள் இரண்டே வகை. ஒன்று, பாஸ். ‘வாங்க, உட்காருங்க, சாப்பிட்டீங்களா’ எல்லாம் அவர் உபயம். மற்றவர்கள், தீபாவளிக்கு டிக்கெட் கிடைக்காமல் கத்திய வாடிக்கையாளர்கள். மீதித் தமிழ் முழுக்க அவர்கள் தந்தது. எது மரியாதை, எது வசவு என்று பிரித்துப் பார்க்க மேயருக்கு நேரமில்லை. முதல் தடவை வந்த ஒரு பெரியவரைப் பார்த்து, முகம் நிறையச் சிரிப்போடு, “வாங்க ஐயா, உட்காருங்க, மனுஷன் எவ்வளவு நேரம்தான் நிப்பான்?” என்றார். பெரியவர் பயந்துபோய் உட்கார்ந்தார்.

மேயருக்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்ளாது. போன் மணி அடித்தால் எடுத்துக்கொண்டு எழுந்துவிடுவார். கவுண்டருக்குள் நாலு நடை. பிறகு கடை வாசல். பிறகு கடைகளை ஒட்டிய ஐந்தடிப் பாதையில் நடந்து பூக்கடை, மளிகைக் கடை, நகைக் கடை. பேசி முடிக்கும்போது தேக்கா மார்க்கெட் வந்திருக்கும். எதிரில் உட்கார்ந்திருந்த வாடிக்கையாளரும் பாஸ்போர்ட்டைக் கையில் பிடித்தபடி பின்னாலேயே போயிருப்பார். இருவரும் திரும்பி வரும்போது வாடிக்கையாளர் கையில் ஒரு கட்டுக் கீரையும் இருக்கும்.

அவர் மேஜைக்கு மேலே, விமானக் கம்பெனி காலண்டரை மறைத்து, அவர் கையாலேயே வரைந்த ஊர் வரைபடம் ஒட்டியிருந்தது. கடலோரக் காவல் கோபுரம், மாதா கோயில், குகை, ஏழு படி அருவி, அலை வடியும்போது மட்டும் தலைகாட்டும் மணல் திட்டு. இத்தனையும் இருந்தும் பாஸை மட்டும் அவரால் அசைக்க முடியவில்லை. பாஸ் தரங்கம்பாடிக்காரர். கடலும் சரித்திரமும் தம் ஊருக்கே பட்டா போட்டுக் கொடுக்கப்பட்டவை என்ற எண்ணம் அவருக்கு.

“எங்க கோபுரம் பவளக் கல்லுல கட்டுனது பாஸ். ஸ்பானிஷ்காரங்க காலம். தெற்குல இருந்து கொள்ளைக்காரங்க கப்பல் வந்தா, மேல இருக்கறவன் சங்கு ஊதுவான். ஊரே குகைக்கு ஓடிடும்.”

“தரங்கம்பாடியில கோட்டையே இருக்கு. டேனிஷ்காரன் கட்டுனது.”

“அவங்க யாரு வந்தா ஊதுவாங்க?”

பாஸ் கொஞ்சம் யோசித்தார். “வந்தவனே அவன்தானே.”

“அப்ப எங்க ஊருதான் பெட்டர்.”

அருவியைப் பற்றி என்னிடம் சொன்னார். ஏழாவது படியில் குளித்தால் ஒரு வருஷத்துக்குள் கல்யாணம் நிச்சயம் என்றார். “நீங்க குளிக்கலையாக்கா?” என்று கேட்டுவிட்டேன். “ஆறு வரைக்கும் ஏறுனேன் தம்பி. கால் வழுக்கிருச்சு” என்றார்.

மாதா கோயில் மணியின் கதையை எங்கள் கடைக்கு வந்தவர்களில் கேட்காதவர் கிடையாது. கொள்ளையர் கையில் சிக்கக் கூடாது என்று ஊரார் மணியைக் கழற்றிக் கடலில் போட்டுவிட்டார்களாம். இன்றைக்கும் அலை வடியும் நேரத்தில் அடியிலிருந்து ஓசை கேட்கிறதாம். இதைச் சொல்லும்போது மேயர் தம் காதைத் தொட்டுக் காட்டுவார்.

இப்போது முருகேசன் கதைக்கு வருகிறேன். கப்பல் பட்டறையில் வேலை பார்த்தவர், லால்குடிப் பக்கம். லீவு ஆரம்பித்த பிறகு டிக்கெட் கேட்டு வந்தார். திருச்சிக்கு ஆறு நாள் வரை ஓர் இடம்கூட இல்லை. நான் கையை விரித்துவிட்டேன். மேயர் எழுந்து வந்தார்.

“ஆறு நாள் ரூம்லயே படுத்திருப்பீங்களா?”

“வேற என்னக்கா பண்றது?”

“எங்க ஊருக்குப் போயிட்டு வாங்க. எங்க அம்மாவுக்கு ஒரு பார்சல் இருக்கு.”

அந்த மனிதர் போனார். யாராவது ஓர் இடத்தைக் காட்டிப் போ என்றால் போய்விடுகிற அளவுக்கு அவருக்குத் தொழிலாளர் டார்மிட்டரி அலுத்திருந்தது. ஐந்தாம் நாள் ஒரு பை கருவாட்டுடன் கடை வாசலில் வந்து நின்றார். மேயர் ஓடினார்.

“கோபுரம் பாத்தீங்களா?”

“இருந்துச்சுக்கா.”

“மேல ஏறுனீங்களா?”

“மழைக்கா.”

“அருவி?”

“தண்ணி நல்லா இருந்துச்சுக்கா. உங்க அம்மா சோறு போட்டாங்க.” இதற்கு மேல் முருகேசன் வாயிலிருந்து ஒரு சொல் வரவில்லை. கருவாட்டோடு திருச்சிக்கு விமானம் ஏறினார்.

இதெல்லாம் முன்கதை. விஷயம் லட்சுமி அக்காவிடம் ஆரம்பித்தது. பிடோக்கில் இருந்தவர், பள்ளிக்கூடக் கேன்டீன் நடத்தி ஓய்வு பெற்றவர். அண்டை அயல் அடுக்குமாடி புளோக்குகளில் இருந்த ஓய்வுபெற்ற தமிழர்கள் பதினேழு பேரைச் சேர்த்துக்கொண்டு வருஷத்துக்கு ஒரு பயணம் கிளம்புவார். அந்த வருஷம் போட்டிருந்த யாத்திரை கடைசி நேரத்தில் கலைந்துவிட, நேராக எங்கள் கடைக்கு வந்தார்.

“எல்லா ஊரும் பாத்தாச்சு. முட்டி வலிக்காத ஊரா ஒண்ணு சொல்லுங்க” என்றார்.

பாஸ் அப்போது டீ குடிக்கப் போயிருந்தார். மேயர் நாற்பது நிமிஷம் பேசினார். பாஸ் திரும்பி வந்தபோது, பதினேழு முட்டி வலிக்காரர்களுக்கும் சேர்த்து லட்சுமி அக்கா ஏழு படி அருவிக்கு முன்பணம் கட்டியிருந்தார்.

பாஸ் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். “சரி. நீயே கூட்டிட்டுப் போ. உன் ஊருதானே.”

மேயர் முகம் மாறிப்போனது. “கவுண்டர் யாரு பாப்பா? தம்பி போகட்டும்.”

“தம்பிக்கு அங்க என்ன தெரியும்? நீ போகலைன்னா குரூப்பும் போகாது.”

அன்றிலிருந்து மேயர் பட்ட பாட்டைச் சொல்லி மாளாது. ஏற்கெனவே நிற்காத கால், இப்போது தரையில் படவே இல்லை. விளம்பரத் தாள்களை நாடு வாரியாக அடுக்கினார். மறுநாள் அதைக் கலைத்து நிறம் வாரியாக அடுக்கினார். பூக்கடைக்காரர் மல்லிகைக்குத் தண்ணீர் தெளிப்பதற்குள் இவர் தெளித்தார். மதியச் சாப்பாட்டு நேரத்தில் எங்கோ போய் வியர்த்து வழிந்துகொண்டு வந்தார். மூன்றாம் நாள் நானும் பின்னாலேயே போனேன். நிற்காமல் நடந்தார். டோபி காட் வரைக்கும் போய், ரயில் நிலைய வாசலைத் தொட்டுவிட்டு, வந்த வழியே திரும்பினார். அப்போதுதான் என்னைப் பார்த்தார்.

“என்னக்கா பிரச்சினை? ஊருக்குப் போக ஆசை இல்லையா?”

பாதி வழி வந்ததும் சொன்னார்.

“ஒன்பது வருஷத்துக்கு முன்னாடி பெரிய புயல் அடிச்சுது தம்பி. அம்மா போன் பண்ணாங்க. ‘நான் உன் அத்தை வீட்டுல பத்திரமா இருக்கேன். இப்ப வராதே. ஊரு பாக்கற மாதிரி இல்ல. சரி பண்ணிட்டுச் சொல்றேன்’னாங்க.”

“அப்புறம்?”

“இன்னும் சொல்லல.”

“ஒன்பது வருஷமாவா?”

“ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் கேப்பேன். ‘இன்னும் இல்ல’ம்பாங்க.”

“போட்டோ அனுப்பச் சொல்லலாமே.”

“அனுப்புவாங்க. எல்லாத்துலயும் அவங்க முகம்தான் இருக்கும். பின்னாடி ஒண்ணும் தெரியாது.”

“இன்டர்நெட்ல பாத்தா தெரிஞ்சிடும்.”

“பாக்க மாட்டேன்” என்றார். பிறகு, “பாத்துட்டா, கவுண்டர்ல நின்னு நான் எந்த ஊரைச் சொல்றது?” என்றார்.

அக்கா சரித்திரம் சொல்லிக்கொண்டிருந்தார் என்று நினைத்திருந்தேன். தம் ஞாபகத்தில் இருந்த ஓர் ஊரைப் பதினேழு பேர் தலையில் கட்டியிருக்கிறார் என்பது அன்றுதான் புரிந்தது. பாஸிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பயணம் நின்றிருக்கும். நானும் உதவிக்கு வருகிறேன் என்று மட்டும் சொன்னேன்.

மணிலா வரை ஒரு விமானம். அங்கிருந்து இன்னொரு குட்டி விமானம். பிறகு மூன்று மணி நேரம் வேன். இடுப்பில் ஒரு சின்ன ஒலிபெருக்கியைக் கட்டிக்கொண்டு, கன்னத்தோடு மைக்கை மாட்டிக்கொண்டு, மேயர் வேனுக்குள் நின்றபடியே வந்தார். முதல் இரண்டு மணி நேரம் வாய் ஓயவில்லை. ஸ்பானிஷ்காரர் எந்த மாதத்தில் கரை இறங்கினார், ஜப்பானியப் பட்டாளம் எந்தத் தோப்பில் தங்கியது எல்லாம் வந்தது. கடல் கண்ணில் பட்டதும் பேச்சு குறைந்தது. 

“வலது பக்கம் பாருங்க. எங்க தாத்தா காலத்துத் தென்னந்தோப்பு” என்றார். பார்த்தோம். எல்லாம் ஒரே உயரத்தில், நேற்று நட்டது போன்ற இளந்தென்னைகள். மேயர் மைக்கைக் கையால் மூடிக்கொண்டார்.

கோபுரத்தடியில் வேன் நின்றது. கோபுரம் என் நெஞ்சு உயரம் இருந்தது. மீதி இல்லை. இருந்த கல்லில் யாரோ ஓர் ஆட்டைக் கட்டியிருந்தார்கள். முருகேசன் ஏன் மேலே ஏறவில்லை என்பது எனக்கு அப்போது விளங்கியது.

பதினேழு பேரும் இறங்கி வரிசையாக நின்றார்கள். ஆடு எங்களைப் பார்த்தது. நான் பாஸுக்கு என்ன பதில் சொல்வது என்று மனசுக்குள் எழுதிக்கொண்டிருந்தேன். மேயர் இரண்டு தடவை கல்லைச் சுற்றி வந்தார். கல்லின் உச்சியில் கையை வைத்தார்.

லட்சுமி அக்காதான் முதலில் வாயைத் திறந்தார். “இதுக்கு எதுக்கும்மா முகத்தைத் தூக்கி வச்சிருக்கே? நம்ம ஊர்ல இல்லாத மொட்டைக் கோபுரமா? போட்டோவுக்கு இதான் வசதி. கோபுரமும் தெரியும், நம்ம தலையும் தெரியும்.”

எல்லாரும் படம் எடுக்க நகர்ந்தார்கள். ஒரு பெரியவர் டாய்லெட் எங்கே என்று என்னிடம் கேட்டார். அந்தச் சமயத்தில்தான் மாதா கோயில் பக்கமிருந்து ஓர் அம்மா வந்தார். ஒல்லியாக, குள்ளமாக, தலையில் ஓலைத் தொப்பி, கையில் சிமென்ட் ஒட்டிய வாளி. மேயருக்கு நாலடி முன்னால் நின்று ஏதோ கேட்டார். மேயர் பழக்கதோஷத்தில் மைக்கிலேயே மொழிபெயர்த்தார்.

“எங்க அம்மா கேக்கறாங்க, ‘நான்தான் இன்னும் சொல்லலையே, நீ எதுக்கு வந்தே’ன்னு.”

எல்லாரும் திரும்பிப் பார்த்தோம். அம்மா வாளியைக் கீழே வைத்துவிட்டு எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். மறுபடியும் ஏதோ சொன்னார்.

“இவங்கல்லாம் எதைப் பாக்க வந்தாங்கன்னு கேக்கறாங்க.”

லட்சுமி அக்கா முன்னால் போனார். “உங்களைப் பாக்கத்தான் வந்தோம்னு சொல்லும்மா.”

மேயர் அதைச் சொல்ல வாயைத் திறந்தார். ஒலிபெருக்கியில் மூச்சு மட்டும் வந்தது. மறுபடியும் முயன்றார். அம்மா கிட்டே வந்து, மகள் கன்னத்திலிருந்து மைக்கைக் கழற்றினார். சிமென்ட் கையாலேயே முகத்தைத் துடைத்துவிட்டார். முகம் இன்னும் மோசமானது.

அதற்குப் பிறகு மூன்று நாளும் அந்த அம்மாதான் எங்களுக்குக் கைடு. மேயர் வெறும் மொழிபெயர்ப்பாளர். அதுவும் நேர்மையான மொழிபெயர்ப்பாளர். தம்மைத் திட்டினாலும் ஒரு சொல் விடமாட்டார்.

“மணியைக் கடல்ல போடவே இல்லையாம். விரிசல் விட்டுச்சுன்னு உருக்கிட்டாங்களாம். கடல்ல போட்ட கதையை எங்க அப்பாதான் சொல்லியிருப்பார்ங்கறாங்க. அவர் புடிச்ச மீன் அளவையே ஒழுங்கா சொன்னதில்லையாம். நானும் அவர் மாதிரியாம்.”

அருவிக்குப் போனோம். மண் சரிந்து நாலு படி போய்விட்டது. மூன்றுதான் மிச்சம். முட்டி வலிக்காரர்கள் அதற்காக மாதாவுக்கு நன்றி சொன்னார்கள். மூன்றாவது படி வரைக்கும் போய் எல்லாரும் குளித்தார்கள். கல்யாணத்துக்கு இது போதுமா என்று ஒரு பெரியவர் விசாரித்தார், அவர் மனைவி பக்கத்திலேயே இருக்கும்போது. மணல் திட்டு, வரைபடத்தில் இருந்த இடத்தை விட்டு அரை மைல் தள்ளித் தலைகாட்டியது. முருகேசனைப் பற்றியும் தெரிந்தது. அந்த ஒல்லிப் பையனை நெஞ்சில் கை வைக்கச் சொல்லி, மகளிடம் ஒன்றும் சொல்லக் கூடாது என்று சைகையிலேயே சத்தியம் வாங்கியிருக்கிறார் அம்மா.

கடைசி நாள் காலையில் குகை. அது மட்டும் மேயர் சொன்னபடியே இருந்தது. உள்ளே போனதும் சில்லென்று இருந்தது. மேலே வௌவால்கள். அம்மா ஒரு பாறையைத் தட்டிக் காட்டிப் பேசினார். மேயர் வழக்கம்போலத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தார்.

“கொள்ளைக்காரங்க வந்தப்ப ஊர் ஜனங்க ஒளிஞ்சது இங்கதான். புயல் அன்னைக்கும் நாப்பது குடும்பம் இங்கதான் இருந்துச்சாம். ரெண்டு நாள். குடிக்கப் பாறையில சொட்டுற தண்ணிதான். அம்மா இந்தப் பாறைமேல…”

அங்கே நின்றுபோனார். தாயிடம் மெதுவாக ஏதோ கேட்டார். தாய் ஒரே வரியில் பதில் சொல்லிவிட்டு வேறு பக்கம் பார்த்தார்.

“என்னம்மா கேட்டே?” என்றார் லட்சுமி அக்கா.

“அத்தை வீட்டுல பத்திரமா இருக்கேன்னு சொன்னியேன்னு கேட்டேன்.”

“அதுக்கு என்ன சொன்னாங்க?”

“அத்தையும் இங்கதான் இருந்தாளாம்.”

முதலில் சிரித்தது அந்த அம்மா. பிறகு லட்சுமி அக்கா. பிறகு பதினேழு பேரும், நானும். மேயரும் சிரித்தார். சிரித்துக்கொண்டே அம்மாவின் தோளில் முகத்தை வைத்தவர் வெகு நேரம் எடுக்கவில்லை. அம்மா அவர் முதுகைத் தட்டிக்கொண்டே எங்களைப் பார்த்து, வெளியே வழி இந்தப் பக்கம் என்று கையைக் காட்டினார். கைடுதானே.

சிங்கப்பூர் திரும்பியதும் பாஸ் கேட்டார். “புகார் ஏதாவது உண்டா?”

“லட்சுமி அக்கா அடுத்த வருஷத்துக்கும் அதே ஊரைக் கேக்கறாங்க பாஸ்” என்றேன். அவர் என்னை நம்பாமல் லட்சுமி அக்காவுக்கே போன் செய்து பார்த்தார்.

மேயர் பழைய வரைபடத்தைக் கிழித்துவிட்டுப் புதிது வரைந்தார். மொட்டைக் கோபுரம், மூன்று படி அருவி, இடம் மாறிய மணல் திட்டு. கவுண்டருக்கு வருகிறவர்களிடம், “முக்கால்வாசி போச்சு, மிச்சம் நல்லா இருக்கு” என்று சொல்லி விற்றார். முன்னைவிட அதிகம் பேர் போனார்கள். அதற்கு அடுத்த வருஷம், அம்மாவுக்குப் படியேற முடியவில்லை என்று செய்தி வந்ததும் மேயர் ராஜினாமாக் கடிதம் கொடுத்தார். பாஸ் அதை வாங்கி மேஜை இழுப்பறையில் போட்டுவிட்டு, இரண்டு வாரம் அப்படி ஒரு கடிதம் வராத மாதிரியே நடந்துகொண்டார்.

கிளம்பும் நாள் காலையில், பதினோரு மணிக்கு முன்னால் கடை ஷட்டரைத் தொடாத பாஸ், ஏழு மணிக்கே சாங்கி விமான நிலையத்தில் நின்றார். கையில் தரங்கம்பாடிக் கோட்டைப் படம் போட்ட ஒரு காலண்டர்.

“இதை அங்க மாட்டு. வர்றவங்ககிட்ட நம்ம ஊரைப் பத்தியும் நாலு வார்த்தை சொல்லு.”

“சொல்றேன் பாஸ். வந்தவங்களே கட்டுன கோட்டைன்னு சொல்றேன்.”

“அதைச் சொல்ல வேணாம்.”

மேயர் எங்கள் இரண்டு பேர் கையையும் ஒரு தடவை பிடித்துக்கொண்டு, “வரேன் தம்பி, வரேன் பாஸ்” என்றார். பிறகு அவருடைய அந்த வேக நடையில் உள்ளே போய்விட்டார்.

நாங்கள் இருவரும் அறிவிப்புப் பலகைக்குக் கீழே நின்றோம். ஒரு மணி நேரம் கழித்து, அந்த விமானம் புறப்பட்டுவிட்டது என்று பலகையில் வந்தது.

“போலாமா பாஸ்?” என்றேன்.

“இரு, இன்னும் பத்து நிமிஷம் இருக்கலாம்” என்றார் அவர்.

இருந்தோம்.